டெஸ்ஸா வர்ச்சூ: ஒரு ஐஸ் டான்ஸர் உருவான கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் டெஸ்ஸா வர்ச்சூ, ஸ்காட் மொயர் ஜோடியை நம்மில் பலருக்கு 2018 பியோங்சாங் ஒலிம்பிக் வீடியோ வழியாகத்தான் தெரியும். அந்த நாலு நிமிடத்தைப் பார்த்துவிட்டு வரும் கேள்விகளெல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: காதலர்களா, இல்லையா? அதற்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் நான் அதிகம் பேசப்போவது 1997 முதல் 2010 வரையிலான காலத்தைப் பற்றி. ஏழு வயதுச் சிறுமி இருபது வயதில் ஒலிம்பிக் சாம்பியன் ஆனது அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில்தான். அவருடைய கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே.

முதலில், ஐஸ் டான்ஸ் என்றால் என்ன? ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் எல்லா ஸ்கேட்டிங்கும் ஐஸ் டான்ஸ்தானா?

இல்லை. ஜோடியாக ஆடும் போட்டிகள் இரண்டு உண்டு. பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குவது, காற்றில் வீசி எறிவது, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மூன்று சுற்றுத் தாவல் போடுவது எல்லாம் பேர்ஸ் ஸ்கேட்டிங். ஐஸ் டான்ஸில் இவை எதுவும் கிடையாது. தூக்கலாம், ஆனால் தூக்குபவரின் கைகள் தன் தலைக்கு மேல் போகக் கூடாது. ஒரு சாதாரண லிஃப்ட் ஏழு நொடிக்குள் முடிய வேண்டும். ஜோடி நெருங்கியே ஆட வேண்டும், தாளத்தை விட்டு விலகக் கூடாது.

பார்ப்பவருக்கு இது எளிதாகத் தெரியும். தாவல் இல்லையே, இதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. கஷ்டம் முழுக்கக் காலுக்குக் கீழே இருக்கிறது. ஸ்கேட்டிங் பிளேடின் அடிப்பகுதி தட்டையாக இருக்காது. நடுவில் ஒரு பள்ளம், இரு பக்கமும் இரண்டு கூர் விளிம்புகள். உள்விளிம்பில் சாய்ந்தால் ஒரு பக்கம் வளைவு, வெளிவிளிம்பில் சாய்ந்தால் மறுபக்கம். நன்றாகச் சாய்ந்து ஆடுபவர் போன இடத்தில் ஐஸில் ஒற்றைக் கோடு விழும். சாயாமல் நேராக நின்றால் இரட்டைக் கோடு விழும். ஐஸ் டான்ஸ் பயிற்சியாளர்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதை விட இந்தக் கோட்டைப் பார்ப்பதுதான் அதிகம்.

டெஸ்ஸா எத்தனை வயதில் ஸ்கேட்டிங் தொடங்கினார்?

ஆறு வயதில். அவர் பிறந்தது 1989 மே 17, கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் நகரில். (இங்கிலாந்து லண்டனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பள்ளியில் ஸ்கேட்டிங் போகப்போகிறார்கள் என்றதும், தான் மட்டும் பின்தங்கிவிடக் கூடாதே என்று கற்றுக்கொள்ள ஆரம்பித்தவர். கனடாவில் ஆறு வயது என்பது அப்படி ஒன்றும் சீக்கிரம் இல்லை. அங்கே நடை பழகியதும் ஐஸில் இறக்கிவிடும் வீடுகள் நிறைய.

ஸ்காட் மொயர் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை. 1987 செப்டம்பர் 2 அன்று பிறந்தவர், லண்டனுக்கு அருகில் இல்டர்ட்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். அம்மா ஆல்மா, பெரியம்மா முறையில் கேரல் என்று வீட்டிலேயே இரண்டு பயிற்சியாளர்கள். பையனுக்கோ ஆசை ஹாக்கி மேல்.

இருவரும் எப்படி ஜோடி சேர்ந்தார்கள்?

கேரல் மொயர் சேர்த்துவைத்தார். 1997-ல், டெஸ்ஸாவுக்கு ஏழு வயது, ஸ்காட்டுக்கு ஒன்பது. உயரம் பொருந்தியது, கால் வேகம் பொருந்தியது, அவ்வளவுதான். கைகோர்த்துக்கொள்வதே இருவருக்கும் கூச்சமாக இருந்தது, ஆரம்ப நாட்களில் அதிகம் பேசிக்கொண்டதுகூட இல்லை.

இதை ஏதோ சினிமா சந்திப்பு மாதிரி எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இல்டர்ட்டன் போன்ற ஒரு ஊர் கிளப்பில் ஆண் பிள்ளை கிடைப்பதே அரிது. இருக்கிற பிள்ளைகளில் யாருக்கு யார் ஒத்துவரும் என்று ஒரு பயிற்சியாளர் கணக்குப் போட்டார், கணக்கு சரியாக வந்தது. அதிசயம் என்றால் அதற்குப் பிறகு நடந்ததுதான்: 22 ஆண்டுகள் இருவரும் துணையை மாற்றவே இல்லை.

டெஸ்ஸா பாலே ஆடியவர் என்கிறார்களே?

ஆமாம். டொராண்டோவில் உள்ள கனடாவின் தேசிய பாலே பள்ளியில் சேர அவருக்கு வாய்ப்பு வந்தது. அந்தப் பள்ளியில் இடம் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. போயிருந்தால் ஸ்காட்டுக்கு வேறு துணை தேட வேண்டியிருக்கும். அவர் ஸ்கேட்டிங்கைத் தேர்ந்தெடுத்தார். பின்னாளில் அவர் தோள், கழுத்து, விரல் நுனி வரை எதுவும் சும்மா தொங்காமல் இருந்ததற்கு அந்தப் பாலே அடித்தளம் ஒரு காரணம்.

சிறு வயதில் என்ன சொல்லித்தருவார்கள்?

பாட்டும் கதையும் பிறகுதான். முதலில் வருவது விதிக்கப்பட்ட நடனங்கள். ஐஸின் எந்த இடத்தில் எந்தக் கால், எந்த விளிம்பு, எத்தனை தாளம் என்று எல்லாமே முன்கூட்டியே வரையப்பட்டிருக்கும். அந்தக் காலத்தில் கனடாவின் தொடக்கநிலைத் தேர்வில் டச்சு வால்ட்ஸ், கனாஸ்டா டேங்கோ, பேபி புளூஸ் என மூன்று நடனங்கள் இருந்தன. பெயர்தான் அழகு, பிள்ளைகள் இதை மாதக்கணக்கில் அதே கோட்டில் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். நம் ஊரில் அடவு சுத்தமாகாமல் வர்ணத்துக்குப் போக விடமாட்டார்களே, அதே கண்டிப்பு.

இந்த வேலை சலிப்பானது. இதைத் தாங்கும் பிள்ளைதான் நிலைக்கும். வர்ச்சூ-மொயர் ஆட்டத்தில் இருவரின் முழங்கால்களும் ஒரே ஆழத்தில் மடிவதைப் பார்க்கும்போதெல்லாம், அதன் வேர் இந்தச் சின்னத் தேர்வுகளில் இருக்கிறது என்றே நினைப்பேன். பதினெட்டு வயதில் சேர்ந்த இரண்டு திறமைசாலிகளால் இதைக் கொண்டுவர முடியாது என்று சொல்லமாட்டேன்; ஆனால் மிகக் கடினம்.

சொந்த ஊரை விட்டு ஏன் போனார்கள்?

ஊர் கிளப்பால் கொடுக்க முடிந்ததெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, முதலில் அதே மாகாணத்தின் கிச்சனர்-வாட்டர்லூ பகுதிக்குப் போனார்கள். பிறகு எல்லை தாண்டி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்கு. அங்கே டெட்ராய்ட் பக்கம் மரீனா சூயேவா, இகோர் ஷ்பில்பாண்ட் என்ற இரண்டு ரஷ்யப் பயிற்சியாளர்கள். சோவியத் பள்ளியில் பழகி அமெரிக்காவில் குடியேறியவர்கள். அப்போது டெஸ்ஸாவுக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பியிருக்கவில்லை.

போட்டி ஸ்கேட்டிங்கில் இது வழக்கம். பிள்ளை வீட்டை விட்டுப் போகும், பள்ளிப் படிப்பு துண்டு துண்டாக நடக்கும், பெற்றோர் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பதக்கம் வந்தவர்களின் கதையில் இது தியாகம் என்று பெருமையாகச் சொல்லப்படும். பதக்கம் வராத நூற்றுக்கணக்கான பிள்ளைகளும் இதே விலையைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களை நினைக்காமல் இந்தக் கதையை என்னால் சொல்ல முடிவதில்லை.

ஜூனியர் காலத்தில் என்ன சாதித்தார்கள்?

2004-ல் கனடா ஜூனியர் சாம்பியன். 2005 உலக ஜூனியர் போட்டி கிச்சனரிலேயே நடந்தது, அதில் வெள்ளி. 2006-ல் ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் தங்கம். ஐஸ் டான்ஸில் உலக ஜூனியர் பட்டம் வென்ற முதல் கனடிய ஜோடி இவர்கள்தான்.

அதே சமயத்தில் கனடாவின் சீனியர் சாம்பியன்களாக இருந்தவர்கள் மரீ-ஃபிரான்ஸ் டூப்ரேயும் பத்ரீஸ் லோசோனும். 2007 கனடா போட்டியில் வர்ச்சூ-மொயர் அவர்களிடம் தோற்று இரண்டாமிடம் வந்தார்கள். இந்தப் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்கள்.

2007 டோக்கியோவில் முதல் உலக சீனியர் போட்டி: ஆறாவது இடம். அடுத்த ஆண்டு ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் வெள்ளி. டெஸ்ஸாவுக்கு வயது பதினெட்டு.

அவர் காலில் என்ன பிரச்சினை?

இதுதான் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கக் கூடியது. முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகள் இறுக்கமான உறை போன்ற சவ்வுக்குள் இருக்கின்றன. உடற்பயிற்சியின்போது தசை விரியும். சிலருக்கு உறை இடம் கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறும், ரத்த ஓட்டம் தடைபடும், தாங்க முடியாத வலி வரும், கால் மரத்துப்போகும். நின்றால் வலி குறையும், மறுபடி ஆடினால் மறுபடி வரும். ஆங்கில மருத்துவத்தில் இதைக் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்பார்கள். முழங்காலை மடித்தபடியே நாலு நிமிடம் ஆட வேண்டிய கலைக்கு இதைவிட மோசமான நோய் இருக்க முடியாது.

2008 அக்டோபரில் அறுவை சிகிச்சை. அந்த உறையைக் கீறித் திறந்துவிடுவதுதான் சிகிச்சை. வான்கூவர் ஒலிம்பிக்குக்கு பதினாறு மாதங்களே இருந்தன. டெஸ்ஸா வீட்டில் படுத்திருக்க, ஸ்காட் மிச்சிகனில் தனியாகப் பழகினார். லிஃப்ட் பயிற்சிக்கு மணல் மூட்டை, கைப்பிடிக்கு ஹாக்கி மட்டை. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்த நாட்களில் இருவருக்கும் இடையே பேச்சே குறைந்துபோனது. திரும்பி ஐஸில் சேர்ந்தபோது உடம்பை விட உறவுதான் அதிகம் அடிபட்டிருந்தது என்பதை அவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

2008-ல் முதன்முதலாக வென்ற கனடா பட்டத்தை 2009 ஜனவரியில் தக்கவைத்தார்கள். மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் உலகப் போட்டியில் வெண்கலம். முந்தைய ஆண்டின் வெள்ளியை விட ஒரு படி கீழேதான், ஆனால் எனக்கு அந்த வெண்கலம்தான் பெரிது. வலி முழுதாகப் போகவும் இல்லை. 2010 அக்டோபரில் மறுபடி அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது.

எதிராளிகளோடு ஒரே இடத்தில் பழகினார்களாமே?

உண்மைதான். அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் ஜோடிக்கும் அதே பயிற்சியாளர்கள், அதே ரிங்க் (ஐஸ் அரங்கம்). அவர்களும் 1997-ல் சேர்ந்தவர்கள், அவர்களும் பிரியாதவர்கள். தினமும் காலையில் உலகத்தின் மிகச் சிறந்த எதிராளி உங்கள் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருப்பார். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் தங்கம் கனடாவுக்கு, வெள்ளி டேவிஸ்-வைட்டுக்கு. 2014 சோச்சியில் அப்படியே தலைகீழ்.

இது நல்லதா கெட்டதா? இரண்டு ஜோடிகளும் ஒருவரையொருவர் மேலே இழுத்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. அதே வேளை, ஒரு பயிற்சியாளரின் கவனம் யார் பக்கம் சாய்கிறது என்ற கேள்வி இளம் மனதை அரிக்கும். என்னைக் கேட்டால், பதினாறு வயதில் இது வரம், இருபத்துநாலு வயதில் சுமை.

வான்கூவரில் என்ன நடந்தது?

அப்போது ஐஸ் டான்ஸ் போட்டிக்கு மூன்று சுற்றுகள். முதலாவது விதிக்கப்பட்ட நடனம், டேங்கோ ரொமான்டிகா: 42.74 புள்ளி, ரஷ்யாவின் டோம்னினா-ஷபாலின் ஜோடிக்குப் பின்னால் இரண்டாமிடம். அடுத்தது ஒரிஜினல் டான்ஸ் (கொடுத்த தாள வகைக்கு ஜோடி சொந்தமாக அமைப்பது), ஃபிளமெங்கோ: 68.41, முதலிடம். பிப்ரவரி 22 இரவு, சொந்த நாட்டுக் கூட்டத்தின் முன், இசையமைப்பாளர் மாலரின் ஐந்தாம் சிம்பொனியின் மெதுவான பகுதிக்கு ஃப்ரீ டான்ஸ் (இசையையும் ஜோடியே தேர்ந்தெடுக்கும் சுற்று): 110.42. மொத்தம் 221.57. டேவிஸ்-வைட்டை விட ஐந்தரைப் புள்ளிக்கு மேல் அதிகம்.

1976-ல் இன்ஸ்ப்ரூக்கில் ஐஸ் டான்ஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்தது முதல் தங்கம் முழுவதும் ஐரோப்பியர்களுக்கே போயிருந்தது: சோவியத், பிரிட்டன், ரஷ்யா, பிரான்ஸ். வட அமெரிக்காவிலிருந்து வந்த முதல் சாம்பியன்கள் வர்ச்சூ-மொயர். ஐஸ் டான்ஸ் தங்கம் வென்ற மிக இளைய ஜோடியும் அவர்களே. டெஸ்ஸாவுக்கு 20, ஸ்காட்டுக்கு 22.

இருவரும் காதலர்களா?

இல்லை. பலமுறை சொல்லிவிட்டார்கள். இருவரும் பின்னாளில் வேறு வேறு துணைகளை மணந்துகொண்டார்கள்.

இந்தக் கேள்வி ஏன் ஓயவில்லை என்பது புரிகிறது. பார்வையும் தொடுகையும் அவ்வளவு நம்பும்படி இருக்கும். ஆனால் அந்த நம்பிக்கை உழைத்து உண்டாக்கியது. சிறு வயதிலிருந்து ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்தவர்கள், உறவில் விரிசல் வந்தபோது ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து பேசிச் சரிசெய்துகொண்டவர்கள். தொழில் உறவை இத்தனை அக்கறையோடு பேணினார்கள் என்பது காதலை விடக் குறைந்த செய்தியாக எனக்குத் தோன்றவில்லை.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

ஒவ்வொரு அசைவுத் தொகுதிக்கும் அடிப்படை மதிப்பு உண்டு. தொழில்நுட்பக் குழு அதன் கடினத்தை ஒன்று முதல் நான்கு வரை நிலையாகக் குறிக்கும். நடுவர்கள் அதை எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்று கூட்டுவார்கள், குறைப்பார்கள். அதோடு ஆட்ட அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் ஆகியவற்றுக்குத் தனிப் புள்ளி. விழுந்தால் கழிவு, லிஃப்ட் நேரம் மீறினாலும் கழிவு. 2010-க்குப் பிறகு மூன்று சுற்று இரண்டாகச் சுருங்கியது; இப்போது தாள வகை விதிக்கப்படும் ரிதம் டான்ஸ், ஃப்ரீ டான்ஸ் மட்டும்.

கண் வைத்துப் பார்க்க வேண்டியது ட்விஸில் (twizzle) என்ற சுழற்சியை. ஒற்றைக் காலில் சுழன்றபடியே முன்னேறுவது. இருவரும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில், ஒரே இடைவெளியில். ஒருவர் அரைச் சுற்று தவறினாலும் யாருக்கும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

எத்தனை வயதில் பெரியவர்கள் போட்டிக்குப் போகலாம்?

சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2022-ல் சீனியர் வயது வரம்பை 15-லிருந்து 17-ஆகப் படிப்படியாக உயர்த்த முடிவு செய்தது. 2024-25 பருவத்திலிருந்து 17. வரவேற்க வேண்டிய முடிவு. ஐஸ் டான்ஸ் எப்படியும் முதிர்ச்சியைக் கேட்கும் கலைதான்.

துணை கிடைக்காவிட்டால்?

இந்த விளையாட்டின் பெரிய வேதனை இது. பெண் பிள்ளைகள் அதிகம், ஆண் பிள்ளைகள் குறைவு. திறமை இருந்தும் துணைக்காகவே நாடு மாறுபவர்கள் உண்டு. நாடு மாறினால் அடுத்த சிக்கல்: உலகப் போட்டியில் ஒருவருக்கு மட்டும் குடியுரிமை இருந்தால் போதும், ஒலிம்பிக்கில் இருவருக்கும் வேண்டும். கனடாவில் பிறந்த டானித் பெல்பின் அமெரிக்கக் குடியுரிமை பெற்றது 2005-ன் கடைசி நாளில். சில வாரங்களில் டூரினில் பென் அகோஸ்டோவோடு வெள்ளி வென்றார்.

2022 டிசம்பரில் ஸ்கேட் கனடா அமைப்பு தன் உள்நாட்டுப் போட்டிகளில் ஜோடி என்றால் ஆணும் பெண்ணும் என்ற விதியை நீக்கி, இரண்டு ஸ்கேட்டர்கள் என்று மாற்றியது. இரண்டு பெண்கள் சேர்ந்து ஆடலாம். துணையில்லாமல் ஓரமாக நிற்கும் பெண் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

செலவு எங்கே ஆகிறது?

ஐஸ் வாடகை, பயிற்சியாளர் கட்டணம், நடன அமைப்பு, பூட்ஸ், பிளேடு, உடை, பயணம். பிள்ளை வளர வளரக் கால் அளவு மாறும், பூட்ஸ் மாறும். ஐஸ் டான்ஸ் பிளேடின் பின்பகுதி மற்ற வகைகளை விடக் குட்டையாக இருக்கும், நெருங்கி ஆடும்போது துணையின் பிளேடில் மாட்டாமல் இருக்க. எனவே ஒரே பிளேடை வைத்து எல்லா வகையையும் ஆடித் தீர்க்க முடியாது. நல்ல விஷயம், ஜோடி என்பதால் ஐஸ் வாடகையும் பயிற்சிக் கட்டணமும் பெரும்பாலும் இரண்டாகப் பிரியும்.

வான்கூவருக்குப் பிறகு?

சுருக்கமாகச் சொல்கிறேன், இது எல்லோரும் எழுதிய பகுதி. 2010, 2012, 2017 உலக சாம்பியன். 2014 சோச்சியில் இரண்டு வெள்ளி. இரண்டு ஆண்டு ஓய்வு. 2016-ல் திரும்பியபோது மாண்ட்ரியலில் அவர்கள் தேடிப்போன பயிற்சியாளர்கள் வேறு யாருமில்லை, 2007-ல் அவர்களைத் தோற்கடித்த டூப்ரேயும் லோசோனும். 2018 பியோங்சாங்கில் குழுப் போட்டியிலும் ஐஸ் டான்ஸிலும் தங்கம். இரண்டாவதாக வந்த பிரான்ஸின் பாப்பதாக்கிஸ்-சிசரோனோடு இருந்த வித்தியாசம் 0.79 புள்ளி. அந்த ஜோடியும் அதே மாண்ட்ரியல் ரிங்கில் பழகியவர்கள்! மொத்தம் ஐந்து ஒலிம்பிக் பதக்கங்கள். 2019 செப்டம்பரில் ஓய்வு அறிவித்தார்கள். ஸ்காட் இப்போது ஒண்டாரியோ லண்டனில் பயிற்சியாளர்.

நாங்கள் கனடாவில் இருக்கிறோம், மகளுக்கு ஆசை. எங்கே தொடங்குவது?

டொராண்டோ, ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் இருக்கும் நம் குடும்பங்கள் இதைக் கேட்பது கூடிவருகிறது. ஸ்கேட் கனடாவின் கேன்ஸ்கேட் வகுப்பு உங்கள் பகுதி கிளப்பிலேயே இருக்கும், அங்கே தொடங்குங்கள். முதல் நாளே ஐஸ் டான்ஸ் என்று கேட்க வேண்டாம். நிற்க, விழ, எழ, ஒரு காலில் சறுக்கக் கற்றுக்கொள்ளட்டும். பிள்ளை பரதம் பயின்றிருந்தால் தாளமும் அரைமண்டியில் பழகிய முழங்காலும் கைகொடுக்கும். காலில் திரும்பத் திரும்ப வலி என்று சொன்னால், சோம்பல் என்று அதட்டாமல் விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். டெஸ்ஸாவின் கதையிலிருந்து ஒரு பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியது பதக்கத்தை விட முதலில் இதைத்தான்.

எந்த ஆட்டத்தை முதலில் பார்ப்பது?

2010 ஃப்ரீ டான்ஸ். முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாம் தடவை இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள். ஸ்காட் குனிந்தபடி சறுக்க, அவர் முதுகின் மேல் டெஸ்ஸா கைகளை விரித்து ஏறும் லிஃப்ட் ஒன்று வரும். அதற்கு ‘தி கூஸ்’ (வாத்து) என்று பெயர். அந்த நேரத்தில் ஸ்காட்டின் பிளேடைக் கவனியுங்கள், வேகம் குறைவதே இல்லை. பிறகு 2018 ஆட்டத்துக்குப் போங்கள். எட்டு ஆண்டு இடைவெளியில் முழங்கால் மடிப்பு மாறவில்லை; பார்வையும் தோளும் எவ்வளவு துணிச்சலாகிவிட்டன என்பது உங்களுக்கே தெரியும்.